நோட்டீஸில் முதலில் தேதியைப் பாருங்கள்

வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அதில் போட்டிருக்கும் தேதி 3. கதவில் ஒட்டியது 18ஆம் தேதி மாலை. ‘இந்த அறிவிப்பு நாளிலிருந்து 15 நாள்களுக்குள் விளக்கம் தரத் தவறினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்’ என்கிறது கடைசி வரி. பசை காய்வதற்குள் கெடு முடிந்துவிட்டது.

இந்தக் காகிதத்தோடு வக்கீலைத் தேடி உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவுக்கு வருகிறவர்கள், ‘அம்பது வருஷமா அங்கதான் சார் இருக்கோம், வரி ரசீது எல்லாம் இருக்கு’ என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். வரி ரசீது வேண்டியதுதான், ஆனால் அதற்கு அப்புறம் நேரம் வரும். முதல் கேள்வி, இந்த நோட்டீஸ் உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது, அதை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள் என்பது. ‘டியூ ப்ராசஸ்’ என்று சட்டப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பேசும் விஷயம் நடைமுறையில் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

தமிழில் உரிய சட்ட நடைமுறை என்று சொல்லலாம். அரசோ, அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவரோ ஒருவருடைய உயிர், சுதந்திரம், வீடு, வேலை, தொழில் எதில் கைவைப்பதாக இருந்தாலும், அதற்கு முன் என்ன தப்பு என்று அவரிடம் சொல்ல வேண்டும். எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறோம் என்று காட்ட வேண்டும். பதில் தயாரிக்க நியாயமான நாள் தர வேண்டும். பதிலைக் கேட்கிறவர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டவராக இருக்கக் கூடாது. கடைசியில் வரும் உத்தரவில், அவர் சொன்ன பதிலை ஏன் ஏற்றோம் அல்லது ஏன் தள்ளினோம் என்று காரணம் எழுதியிருக்க வேண்டும். இவற்றின் வரிசை முக்கியம். இடித்துவிட்டு நோட்டீஸ் கொடுப்பதும், தண்டனையை எழுதிவைத்துவிட்டு விளக்கம் கேட்பதும் நடைமுறை ஆகாது.

‘தப்புப் பண்ணினவனுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?’ டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1863இல் இங்கிலாந்தில் முடிவான கூப்பர் எதிர் வாண்ட்ஸ்வொர்த் வாரியம் என்ற வழக்கில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. வீடு கட்டும் முன் வாரியத்துக்கு 7 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது அன்றைய சட்டம். கூப்பர் அப்படித் தரவில்லை என்றது வாரியம். தான் அனுப்பியதாக அவர் சொன்னாலும், 7 நாள் முடியும் முன்பே வேலையைத் தொடங்கியதை ஒப்புக்கொண்டார். முன்னறிவிப்பு இல்லாவிட்டால் இடிக்கலாம் என்று சட்டம் வாரியத்துக்கு அதிகாரம் தந்திருந்தது. இடிக்கும் முன் விளக்கம் கேள் என்று சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. வாரியம் ஆளனுப்பி இடித்துவிட்டது. ஆனாலும் வழக்கில் ஜெயித்தவர் கூப்பர்தான். சட்டம் சொல்லாத இடத்தில் பொதுநீதி அந்தக் குறையை நிரப்பும் என்றது நீதிமன்றம். ஏதேன் தோட்டத்தில் ஆதாமைத் தண்டிக்கும் முன் கடவுளே ‘ஆதாமே, எங்கே இருக்கிறாய்? தின்னாதே என்ற மரத்தின் கனியைத் தின்றாயா?’ என்று கேட்டாரே என்ற பழைய நீதிபதி ஒருவரின் சொல்லையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. எல்லாம் அறிந்தவர் கேட்டு அறிய வேண்டியது எதுவும் இல்லை, ஆனாலும் கேட்டார். தப்பு நடந்தது உண்மையாகவே இருந்தாலும், அதற்கு இடிப்பதுதான் தண்டனையா, அபராதம் போதுமா, ஒரு சுவரை மட்டும் எடுத்தால் சரியாகிவிடுமா என்பதெல்லாம் கேட்டால்தான் தெரியும்.

உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் நம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் ‘டியூ ப்ராசஸ்’ என்ற சொல் கிடையாது. வரைவில் இருந்தது. அரசியலமைப்பு அவையின் சட்ட ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போனபோது, அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஃபிராங்க்ஃபர்ட்டர், அந்தச் சொல்லை வைத்தால் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் போடும் சட்டத்தை நீதிபதிகள் தங்கள் விருப்பத்துக்குத் தள்ளிவிடுவார்கள் என்று எச்சரித்தார். வரைவுக் குழு அதை எடுத்துவிட்டு, ஜப்பானிய அரசியலமைப்பில் இருந்ததைப் போல ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்று மாற்றியது. சென்னையின் பெரிய வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மாற்றத்தை ஆதரித்தார். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது என்று அம்பேத்கர் அவையில் வெளிப்படையாகச் சொன்னார். ஈடுகட்டத்தான் 22ஆம் பிரிவு வந்தது: கைதின் காரணத்தைச் சொல், வக்கீலைப் பார்க்க விடு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து.

இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் உணர்ந்ததும் சென்னைச் சிறையில் இருந்த ஒருவர்தான். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மீது 1950 மார்ச்சில், தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் சிறைக்குள்ளேயே உத்தரவு சார்வு செய்யப்பட்டது, அதாவது முறைப்படி அவரிடம் சேர்க்கப்பட்டது. வழக்கின் பெயரே ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம். சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு நடைமுறை எழுதியிருக்கிறது, அது போதும். நியாயமான நடைமுறையா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்றது உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற, அந்தத் தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு மட்டும் அன்று செல்லாமல் போனது. 28 வருஷம் கழித்து, 1978 ஜனவரியில், மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் முடக்கிய வழக்கில்தான் நிலைமை மாறியது. நடைமுறை என்று பெயருக்கு ஒன்று இருந்தால் போதாது, அது நேர்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். அரசியலமைப்பில் எழுத மறுத்த சொல்லின் பொருள் தீர்ப்பு வழியாக உள்ளே வந்தது அப்படித்தான்.

இனி கதவில் ஒட்டிய நோட்டீஸுக்கு வருவோம். முன்தேதி போடும் பழக்கத்தைத் தெரிந்துகொண்டே உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று இடிப்புகளுக்கு வழிமுறை வகுத்தது. நோட்டீஸ் ஒப்புகையோடு பதிவுத் தபாலில் வர வேண்டும், கட்டடத்தில் ஒட்டவும் வேண்டும். 15 நாள் கணக்கு உரிமையாளர் கைக்கு வந்த நாளிலிருந்துதான் தொடங்கும்; உள்ளூர்ச் சட்டம் அதைவிட அதிக நாள் தந்தால் அதுவே பொருந்தும். நோட்டீஸ் சார்வானதும் கலெக்டர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போக வேண்டும், தானாக ஒரு பதில் வர வேண்டும். முன்தேதியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. எந்த விதிமீறல், நேரில் கேட்கும் நாள் எது, கேட்கும் அதிகாரி யார் என்பதெல்லாம் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும். நேர்விசாரணையில் பேசியதைக் குறிப்பெடுக்க வேண்டும். இறுதி உத்தரவில், அபராதத்தோடு வரன்முறைப்படுத்த முடியுமா, இடிப்பதைத் தவிர வேறு வழி ஏன் இல்லை என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகும் 15 நாள். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாலை, நடைபாதை, ரயில் பாதையை ஒட்டிய இடம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் இந்த வழிமுறை பொருந்தாது. கூவம், அடையாறு கரைகளில் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். அதற்காக அங்கே நோட்டீஸே வேண்டாம் என்று ஆகாது. தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905இன் 7ஆம் பிரிவு முன்கூட்டி நோட்டீஸ் கேட்கிறது. 6ஆம் பிரிவின்படி வெளியேற்றுவது அதற்குப் பிறகுதான். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று பார்க்காமல் எழுதும் பதில் வேறு ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறுவது மாதிரி.

பதில் எழுதும்போது முதல் பத்தியிலேயே, ‘தங்கள் நோட்டீஸ் இந்தத் தேதியிட்டதாக இருந்தாலும், எனக்குக் கிடைத்தது இந்தத் தேதியில்’ என்று எழுதுங்கள். கதவில் ஒட்டியிருந்தால் கிழிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். தேதியும் நேரமும் கைபேசியிலேயே பதிவாகிவிடும். தபாலில் வந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், முத்திரை அதில்தான் இருக்கிறது. பதிலை நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே தபாலில் அனுப்புங்கள். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஒப்புகை வேண்டும் என்று கவுன்டரில் கேட்டு வாங்க வேண்டும். ட்ராக்கிங் பக்கத்தையும் அந்த வாரமே அச்செடுத்து வையுங்கள், தளத்தில் அது ரொம்ப நாள் இருக்காது. ‘நேரில் விளக்கம் தர வாய்ப்பு வேண்டும்’ என்ற வரி பதிலில் கட்டாயம் இருக்கட்டும். கேட்டும் தரவில்லை என்பதும் கேட்கவே இல்லை என்பதும் நீதிமன்றத்தில் வேறு வேறு.

கைதில் வரிசை தப்புவது பெரும்பாலும் நேரத்தில். காலையில் ‘சும்மா விசாரணைக்கு’ என்று அழைத்துப் போவார்கள். கைதுக் குறிப்பில் இரவு 9 மணி என்று இருக்கும். 24 மணி நேரம் அந்த 9 மணியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். முன்பெல்லாம் வீட்டிலிருந்து உடனே கமிஷனருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி அடிப்பார்கள். தந்தியில் நேரம் விழுந்திருக்கும், அதுவே சாட்சி. 2013இல் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையை ஒரு மின்னஞ்சல் செய்யும்: யாரை, எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து, எந்த நிலையத்தார் அழைத்துப் போனார்கள் என்று நாலு வரி. நீட்டி முழக்க வேண்டாம், நேரம் பதிவானால் போதும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 35(3)இன் கீழ் வரும் ஆஜராகும் நோட்டீஸைப் பார்த்துப் பயந்து ஊரைவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது செய்யக் கூடாத காரியம். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதைத் தவிர்க்கத்தான் அந்த நோட்டீஸ். ஆஜராகி ஒத்துழைக்கிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் போலீஸ் அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஆஜராகாவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது சார்வு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. கைது என்றால் 47ஆம் பிரிவின்படி காரணம் சொல்ல வேண்டும், 48இன்படி உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், 53இன்படி மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன் கைது செய்ய, தவிர்க்க முடியாத சூழலும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். கைதின் காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு. திருப்பூருக்கு வேலைக்குப் போகும் வழியில் சென்ட்ரலில் பிடிபடும் ஒடிசா இளைஞரிடம் தமிழில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினால் அது தெரிவித்தது ஆகாது.

எழும்பூர் நீதிமன்றத்திலோ சைதாப்பேட்டை நீதிமன்றத்திலோ ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்கு, நிறுத்தும்போது மாஜிஸ்திரேட் ‘ஏதாவது சொல்லணுமா?’ என்று கேட்கும் அந்த அரை நிமிஷம் ரொம்பப் பெரியது. அடித்திருந்தால், பிடித்த நேரம் வேறு என்றால், வீட்டுக்குச் சொல்லவில்லை என்றால் அங்கே சொல்ல வேண்டும். பின்னால் மனுவில் பத்துப் பக்கம் எழுதினாலும், ‘ரிமாண்டின்போது ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வி வந்தே தீரும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழைக்கலாம்.

ரிமாண்டுக்குப் பிறகு, குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ரிமாண்ட் ஆன நாளும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61ஆம் நாள் காலையில் மனுப் போடாமல் மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இடையில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிடும், உரிமையும் போய்விடும். ஒரு நாள் அசட்டையால் மாதக்கணக்கில் சிறையில் இருக்க நேர்வது கொடுமை.

இதெல்லாம் தெரிந்திருந்தால் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோ காலில் மிரட்டுகிறவனிடமும் ஏமாற மாட்டோம். கேமரா முன் உட்காரவைத்துக் கைது செய்யும் நடைமுறை எந்தச் சட்டத்திலும் இல்லை. போனைத் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

உரிய நடைமுறை எவ்வளவு உயிரான விஷயம் என்று பார்க்க, குண்டர் சட்டக் கோப்பு ஒன்றைப் புரட்டினால் போதும். 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் அது. விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். சென்னையில் உத்தரவு போடுவது போலீஸ் கமிஷனர். இவ்வளவு பெரிய அதிகாரத்துக்கு ஈடாகச் சட்டம் வைத்திருப்பது சில கெடுக்கள்தான்: காவலுக்கான காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும், அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், 3 வாரத்துக்குள், காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும், கழகம் 7 வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. காவலில் இருப்பவருக்கு மிஞ்சுவது அரசுக்கு அனுப்பும் முறையீடு ஒன்றுதான். அதை எழுத, அவரிடம் தரும் ஆவணக் கட்டு படிக்கிற மாதிரி இருக்க வேண்டுமல்லவா?

காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுக்கள் பெரும்பாலும் இந்தக் கட்டை வைத்தே முடிவாகின்றன. நகலின் நகலில் மை பரவி எழுத்து தெரியாத பக்கம். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் தந்த ரிமாண்ட் உத்தரவு. ‘இதுபோன்ற வழக்கில் இன்னொருவருக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது, எனவே இவரும் வெளியே வர வாய்ப்பு உண்டு’ என்று கமிஷனர் காட்டும் வழக்கு, பிரித்துப் பார்த்தால் முற்றிலும் வேறு வகைக் குற்றமாக இருப்பது. முறையீடு ஒரு மேஜையில் பல நாள் காரணமில்லாமல் கிடப்பது. ‘மங்கலான ஜெராக்ஸுக்காக ரவுடியை விட்டுவிட்டார்கள்’ என்று செய்தி பரவும். விட்டதற்குக் காரணம் ஜெராக்ஸ் இல்லை, விசாரணை இல்லாமல் அடைக்கும்போது அந்தக் காகிதம் ஒன்றுதான் அவருக்கு இருக்கும் விசாரணை என்பதால்தான். அவர் மீதுள்ள கொலை வழக்கோ வழிப்பறி வழக்கோ அப்படியே இருக்கிறது, அது தன் வழியில் நடக்கும். இதில் வருத்தம் வேறு: உத்தரவு ரத்தாகும்போது பலரும் பல மாதங்களை உள்ளே கழித்திருப்பார்கள். அந்த மாதங்கள் திரும்பி வராது.

அரசு அலுவலகத்தில் 17(ஆ) மெமோ வாங்கியவருக்கும் இதே வரிசைதான். தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கு, 17(ஆ) வேலையே போகக்கூடிய பெரும் தண்டனைக்கு. 17(ஆ)வில் திட்டவட்டமான குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் எல்லாம் இணைந்திருக்க வேண்டும். ‘பணியில் அலட்சியம் காட்டினார்’ என்று தேதியும் கோப்பு எண்ணும் இல்லாமல் வந்தால், முதல் பதிலே ‘எந்த நாள், எந்தக் கோப்பு?’ என்று கேட்பதாக இருக்கட்டும். கோபத்தில் நாலு பக்கம் மறுப்பு எழுதினால், குற்றச்சாட்டு புரிந்துதானே பதில் சொன்னீர்கள் என்று திருப்பிவிடுவார்கள். ஆவணம் கேட்கும்போது ஒவ்வொன்றும் எதற்குத் தேவை என்று ஒரு வரி சேருங்கள். புகார் கொடுத்தவரோ சாட்சியோ விசாரணை அதிகாரியாக வந்தால் விசாரணை தொடங்கும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அறிக்கை எதிராக வந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து கருத்துக் கேட்காமல் தண்டனை போடக் கூடாது. 1993இல் கருணாகர் வழக்கில் உறுதியானது இது.

ஆனால் நடைமுறைப் பிசகு ஒவ்வொன்றும் உத்தரவைக் கவிழ்த்துவிடாது. 1996இல் எஸ்.கே. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தப் பிசகால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று காட்டச் சொன்னது. ‘மூன்றாம் ஆவணம் தரவில்லை’ என்பது போதாது. ‘தந்திருந்தால் நான் அன்று விடுப்பில் இருந்தேன் என்று காட்டியிருப்பேன்’ என்றால் நிற்கும். நோட்டீஸே தராதது, கேட்கவே கேட்காதது வேறு ரகம். அங்கே பாதிப்பு கண்முன்னே தெரியும்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. ஜிஎஸ்டி நோட்டீஸ் தளத்திலேயே, அதுவும் ‘கூடுதல் நோட்டீஸ்’ என்ற தனி மூலையில் கிடந்து, வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் தெரிந்தது என்று சௌகார்பேட்டையிலிருந்தும் ரங்கநாதன் தெருவிலிருந்தும் வருபவர்கள் பலர். உயர் நீதிமன்றம் பல வழக்குகளில், வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி, மறுபடி விசாரிக்க அனுப்பியிருக்கிறது. அந்தப் பங்கைக் கட்டுவதைவிட, வாரம் ஒரு முறை அந்த மூலையைத் திறந்து பார்ப்பது எளிது.

நடைமுறை மீறலைச் சொல்லி ஜெயித்தவர்கள் பலர் அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ரிட் மனுவில் வரும் உத்தரவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். ‘உத்தரவு ரத்து செய்யப்படுகிறது; நான்கு வாரங்களுக்குள் மனுதாரருக்கு வாய்ப்பளித்துப் புதிதாக முடிவெடுக்க வேண்டும்’ என்று பெரும்பாலும் இருக்கும். புது நோட்டீஸ் வரும், இந்த முறை தேதி சரியாக இருக்கும், நேர்விசாரணைக்கு நாளும் குறித்திருக்கும். அன்று வரி ரசீது, பட்டா, கட்டட அனுமதி என எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். விசாரணைக் குறிப்பில் கையெழுத்துப் போடும் முன், நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கையெழுத்துக்கு மேலேயே உங்கள் பேனாவால் சேர்த்து எழுதி, நகல் கேளுங்கள்.